‘வழக்கமான பொருள்கள்’ என்ற கடைசி வரியைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நகரப் பொதுப்பணிக் குழுவின் மாதக் கூட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்திருந்த செய்தியைப் படித்தேன். புதிய நிழற்குடைக்கு யார் பெயரை வைப்பது என்று இரண்டு உறுப்பினர்கள் மோதிக்கொண்டதற்கு முக்கால் பத்தி இடமும் ஒரு புகைப்படமும் கிடைத்திருந்தன. செய்தியின் கடைசி வரி, “பின்னர் வழக்கமான பொருள்கள் விவாதமின்றி நிறைவேற்றப்பட்டன” என்று முடிந்திருந்தது. அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அந்த வரியில் பிழை ஏதும் இல்லை என்பதற்கு நானே சாட்சி. ஆனால் நிழற்குடைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அதன் கூரை ஒன்றுதான். கடைசி வரிக்குள் மறைந்துபோன, கூட்ட நிரலிலிருந்த இருபது பொருள்களோ பல தெருக்களின் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானித்துவிட்டன. அதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேறோர் ஊரில் பணி மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குழி தோண்டும் இடத்தில் நின்று அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்துக்காகப் பிற்பாடு தணிக்கையாளரிடம் பதில் சொல்லியும் பழகியவன். அதனால் அஜெண்டாவை, அதாவது கூட்ட நிரலைக் கையில் எடுத்தால், முதல் பக்கத்திலுள்ள பெரிய திட்டங்களை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன். அன்று அந்தப் பக்கங்களில் இருந்தவற்றுள் சில: குழாயும் கேபிளும் பதிக்கச் சாலையை வெட்ட மூன்று விண்ணப்பங்கள், முன்பு வெட்டியவர்கள் கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பி வழங்குதல், ஒரு மழைநீர் வடிகால் வேலைக்குக் கால நீட்டிப்பு, அதே வேலைக்குக் கூடுதல் தொகை, தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டித்தல், பாதாளச் சாக்கடை மூடிகள் கொள்முதல், கனரக வாகனங்களைத் தற்காலிகமாக வேறு தெரு வழியாகத் திருப்பிவிடுதல், நிலுவைப் பட்டியல்களுக்குப் பணம் வழங்குதல். தலைவர், “பொருள் 4 முதல் 23 வரை” என்றார். “ஏற்கிறோம்” என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. எழுத்தர் பக்கத்தைத் திருப்பினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி முடிப்பதற்குள் இருபது பொருள்களும் தீர்மானங்களாகிவிட்டன.

இப்படிக் கொத்தாக நிறைவேற்றுவதையே நான் குறை சொல்வதாகத் தாங்கள் கருத வேண்டாம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு விவாதம் வைத்தால் கூட்டம் விடிய விடிய நடக்கும். ஊரில் ஒரு வேலையும் நடக்காது. அமெரிக்க நகர மன்றங்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு தனிப் பட்டியல் உண்டு. சர்ச்சைக்கு இடமில்லாதவை என்று அலுவலர்கள் கருதும் பொருள்களையெல்லாம் அதில் தொகுத்து ஒரே வாக்கில் முடித்துவிடுவார்கள்; ஆனால் உறுப்பினர் ஒருவர், “இந்த ஒன்றைத் தனியாக எடுங்கள்” என்று கேட்டால், அந்தப் பொருள் தொகுப்பிலிருந்து வெளியே வந்து விவாதத்துக்கு உள்ளாகும். கலிபோர்னியாவில் 1953-இல் இயற்றப்பட்ட திறந்த கூட்டங்களுக்கான சட்டம் இன்றுள்ள வடிவில், வழக்கமான கூட்டத்தின் நிரலைக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு ஒட்டிவிட வேண்டும் என்றும், அவசரம் போன்ற சில விலக்குகளைத் தவிர, நிரலில் இல்லாத பொருளில் முடிவெடுக்கக் கூடாது என்றும் கட்டாயப்படுத்துகிறது. இவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடுகள்: முன்கூட்டியே படித்தவர்கள் இருந்தால்தான் கொத்தாக நிறைவேற்றுவதில் பொருள் உண்டு. எங்கள் குழு இதில் வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. நிரல் மூன்று நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவது உண்மைதான். ஆனால் அதை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, கூட்டம் தொடங்கும் நேரத்தில் ‘மேசைப் பொருள்’ என்று நாலைந்து தாள்கள் வேறு வந்து சேருகின்றன.

சாலை வெட்டும் அனுமதியை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் அது நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று எண்கள். கட்டணம், வைப்புத்தொகை என்று இன்னும் இரண்டு எண்கள். தெருவில் அது எப்படி நடக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஆனால் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். குழாயைப் பதித்து முடித்ததும், ஓரத்தில் குவித்துவைத்த மண்ணை, வெட்டும்போது பெயர்ந்த தார்க்கட்டிகளோடும் கல்லோடும் சேர்த்து ஒரே தள்ளாகக் குழிக்குள் தள்ளுகிறார்கள். மேலே கொஞ்சம் தண்ணீரை விட்டு, ஜேசிபியின் வாளியால் நாலு தட்டுத் தட்டி, சக்கரத்தை ஒருமுறை ஏற்றி இறக்கினால் மேற்பரப்பு மட்டமாகிவிடுகிறது. உண்மையில் இறுகியிருப்பது மேலே உள்ள அரை அடி மட்டுமே. அதற்குக் கீழே இருக்கும் மண் அள்ளிப் போட்டது போட்டபடி பொலபொலவென்று கிடக்கிறது.

முறையாகச் செய்வதானால், 15 முதல் 20 சென்டிமீட்டர் கனத்துக்கு ஓர் அடுக்காக மண்ணைப் பரப்பி, திமிசோ அதிர்வு இயந்திரமோ கொண்டு இறுக்கி, அதன்மேல்தான் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் ஈரம் சரியாக இருக்க வேண்டும்: வறண்ட மண் எவ்வளவு அடித்தாலும் நெருங்காது, சேறான மண் அடிக்க அடிக்க விலகும், இரண்டுக்கும் நடுவில் ஓர் ஈரப்பதத்தில்தான் அது முழுமையாக இறுகும். இதை ஒரு சோதனையாக வகுத்துத் தந்தவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர் வழங்கல் துறையில் அணை வேலைகளில் ஈடுபட்டிருந்த ரால்ப் புராக்டர் என்ற பொறியாளர். அவர் அதை வெளியிட்டது 1933-இல். அந்தச் சோதனையில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது களத்தில் வர வேண்டும் என்பதுதான் இன்றும் ஒப்பந்த நிபந்தனைகளில் பரவலாகக் காணப்படும் அளவு. ஆய்வுக்கூடம் பக்கத்தில் இல்லாத இடத்தில் நாங்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்போம். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், கையைத் திறந்தால் ஈரம் ஒட்டியிருக்கக் கூடாது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்கு ஓர் ஆள் குழியருகே இருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம்.

அப்படி இறுக்காத குழி முதல் மழையிலேயே இறங்கத் தொடங்குகிறது. இறங்கிய இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீர், குழியை மூடிய ஒட்டின் விளிம்பு வழியாக உள்ளே போய், பக்கத்தில் வெட்டப்படாமல் நன்றாக இருந்த சாலையின் அடித்தளத்தையும் நனைத்துவிடுகிறது. குழி வெட்டியபோதே பக்கவாட்டுத் தாங்கலை இழந்திருந்த அந்த ஓரங்கள், அதன்மேல் ஓடும் சக்கரங்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நெடுகிலும் வெடிக்கின்றன. ஆகவே இரண்டடி அகலத்துக்கு வெட்டிய குழியால் கெடுவது இரண்டடி அகலம் மட்டும் அல்ல. இது தெரிந்தவர்கள், மூடும்போது குழியின் இரு கரையிலும் குறைந்தது 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை தார்ப்பரப்பை நேர்கோட்டில் கூடுதலாக வெட்டி எடுத்து, கலையாத மண்ணின்மேலும் சேர்த்துப் புதுத் தாரைப் போட்டு, இணைப்பை அடைக்கச் சொல்வார்கள். அன்றைய மூன்று விண்ணப்பங்களிலும் மூடும் அகலம் குழியின் அகலமாகவே காட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்து ஓர் உறுப்பினர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அனுமதி ஆணையில் ஒரு வரி கூடியிருக்கும்.

வைப்புத்தொகையைத் திருப்பித் தரும் பொருள் இதைவிட முக்கியம். ஏனென்றால் குழியை மூடியவரிடம் நகரத்துக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான். அலுவலகக் குறிப்பில், வேலை முடிந்த தேதி இருந்தது. மறுசீரமைப்பு ‘திருப்திகரம்’ என்று இருந்தது. யார் எந்தத் தேதியில் போய்ப் பார்த்தார் என்பது மட்டும் இல்லை. பார்த்தது மழைக்கு முன்பா, பின்பா என்பதும் தெரியவில்லை. இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டின் சாலைப் பணிகள் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிமுறைப்படி, சாலையை வெட்டிய நிறுவனம் தான் மூடிய பகுதிக்கு இரண்டு ஆண்டுகள் பொறுப்பேற்க வேண்டும், குழி 1.5 மீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால் மூன்று ஆண்டுகள். ஆழம் கூடக் கூடப் பொறுப்புக் காலமும் கூடுவதைக் கவனியுங்கள்: நிரப்பிய மண் எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதமாகவும் இறங்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் எழுதிய விதி அது. சான் பிரான்சிஸ்கோவில், புதிதாகத் தளம் போட்ட சாலையை ஐந்து ஆண்டுகளுக்கு, அவசர வேலை போன்ற விலக்குகள் தவிர, வெட்டவே அனுமதிப்பதில்லை. எங்கள் குழு திருப்பிக் கொடுத்த வைப்புத்தொகைகளில் ஒன்று, குழி மூடிய நான்காம் மாதத்தில் கொடுக்கப்பட்டது; அதற்குள் ஒரு மழைக்காலம்கூட வந்து போகவில்லை.

நானும் ஒழுக்கத்தின் உருவம் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த தொடக்க நாள்களில் ஒருமுறை நான் போய்ச் சேருவதற்குள் குழியை மூடிவிட்டார்கள். மேஸ்திரி சொன்ன ஆழத்தை நம்பி, நேரில் அளந்தவன்போல அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மழையில் அதே நெடுகில் மூன்று இடங்கள் அமிழ்ந்தன. தோண்டிப் பார்த்தபோது குழாய், நான் எழுதிய ஆழத்துக்கு ஒரு முழம் மேலேயே கிடந்தது. தணிக்கையாளர் என்னிடம் கேட்டது, “நீங்கள் அன்று எத்தனை மணிக்கு அங்கே இருந்தீர்கள்?” என்ற ஒரே கேள்விதான். பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. மூடப்படும் வேலையை மூடும் முன் அளக்க வேண்டும் என்ற விதி புத்தகத்தில் எனக்கு முன்பே தெரியும். அன்றுதான் அது உடம்பில் உறைத்தது.

கூடுதல் தொகை கேட்கும் பொருளுக்கு வருகிறேன். வடிகால் வேலையின் ஒப்பந்தத் தொகைக்கு மேல் இன்னொரு தொகை கேட்கப்பட்டதற்குக் குறிப்பில் சொல்லப்பட்ட காரணம், ‘கள நிலைமை’ என்ற இரண்டு சொற்கள். நானும் என் காலத்தில் எத்தனையோ முறை எழுதிய சொற்கள்தான் அவை; பெரும்பாலும் உண்மையாகவே எழுதினேன். மண்ணுக்கடியில் பழைய குழாய் வரலாம், பாறை வரலாம், ஊற்று வரலாம். மதிப்பீடு போட்டவர் தீர்க்கதரிசி அல்ல. ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் பழைய தந்திரம் ஒன்று உண்டு. மதிப்பீட்டில் பாறை வெட்டும் அளவு குறைத்துக் காட்டப்பட்டிருப்பதை முன்கூட்டியே மோப்பம் பிடித்த ஒப்பந்ததாரர், பாறைக்கு மட்டும் விலையைத் தூக்கிப் போட்டு, மற்ற வேலை இனங்களுக்கெல்லாம் அடிமட்ட விலை கொடுப்பார். கூட்டிப் பார்த்தால் அவருடையதே மிகக் குறைந்த தொகையாக வரும். வேலை அவருக்கே போகும். பிறகு களத்தில் பாறையின் அளவு ஏறும், அடிமட்ட விலை கொடுத்த இனங்களின் அளவு இறங்கும். கடைசியில், குறைந்த தொகைக்கு எடுத்தவர் இரண்டாவதாக வந்தவரைவிட அதிகம் வாங்கிப் போவார். இது நடந்ததா என்று கண்டுபிடிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த இனத்தின் அளவு கூடியது, அந்த இனத்துக்கு அவர் கொடுத்த விலை மதிப்பீட்டு விலையைவிட எவ்வளவு அதிகம் என்று இரண்டு எண்களைக் கேட்டால் போதும். எங்கள் வடிகாலில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு எண்களும் குறிப்பில் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

கனரக வாகனங்களைத் திருப்பிவிடும் பொருளைப் பார்த்து உறுப்பினர்கள் யாரும் நிமிரக்கூட இல்லை. போக்குவரத்து அறிவிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சாலைகளைச் சோதனைக்கென்றே அமைத்து, அவற்றின்மேல் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின்மேல் ஏறும் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலை சிதைகிறது என்பது அதில் தெரியவந்தது. அதாவது சுமை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. கார்களும் இருசக்கர வண்டிகளும் போவதற்காக மெல்லிய தளம் போட்ட ஒரு குறுக்குத் தெருவில் இரண்டு மாதம் சரக்கு லாரிகளை விட்டால், அந்தத் தெரு பல ஆண்டுகளில் தேய வேண்டியதை அந்த இரண்டு மாதத்தில் தேய்ந்துவிடும். திருப்பிவிடத்தான் வேண்டும் என்றால் விடட்டும்; அந்தத் தெருவைப் பிறகு யார் செலவில் சரிசெய்வது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதியிருக்கலாம்.

தெருவிளக்கு ஒப்பந்தத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. பாதாளச் சாக்கடை மூடிகள் வாங்குவதும் நல்லதே. ஆனால் மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகும்போது, மூடியைத் தாங்கும் சட்டத்தையும் சேர்த்து உயர்த்தாமல் மூடியை மட்டும் மாற்றினால் பள்ளத்துக்குள் புது மூடி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இவையெல்லாம் நாளிதழின் வேலையா என்று தாங்கள் கேட்கக்கூடும். லண்டனில் 1855-இல் சட்டம் இயற்றி ஒரு பெருநகரப் பணி வாரியம் அமைத்தார்கள். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகு, அந்த வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பசால்ஜெட் கட்டி முடித்த செங்கல் கழிவுநீர்ச் சுரங்கங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அன்று புதிய பொருளாக இருந்த போர்ட்லாண்ட் சிமெண்டை நம்பி வாங்கிவிடாமல், வந்தது வரவர வலிமையைச் சோதித்துப் பார்த்தே அவருடைய ஆட்கள் பயன்படுத்தினார்கள் என்பது அந்தச் சுரங்கங்களின் ஆயுளுக்கு ஒரு காரணம். அதே வாரியம் முப்பத்துச் சில ஆண்டுகளில் கெட்ட பெயரோடு மறைந்தது. கெட்டது பெரிய திட்டத்தால் அல்ல. சாலை வேலைகளுக்காக எடுத்த நிலத்தில் எஞ்சிய மனைகளைக் குத்தகைக்கு விடுவது என்ற, அலுவலர் மட்டத்தில் ஓசையில்லாமல் முடிந்துவிடும் வழக்கமான காரியத்தில் கையூட்டு புகுந்திருந்தது. அதை 1886-இல் ‘பைனான்ஷியல் நியூஸ்’ என்ற நாளிதழ் தொடர்ந்து எழுதியது. 1888-இல் அரச விசாரணைக் குழு அமைந்தது. 1889-இல் வாரியத்தின் இடத்துக்கு லண்டன் மாவட்ட மன்றம் வந்தது. அந்த நாளிதழின் செய்தியாளரும் ஏதோ ஒரு கட்டத்தில் சலிப்பூட்டும் தாள்களைத்தான் புரட்டியிருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் கையூட்டு இருக்கிறது என்று நான் குறிப்பாகக்கூடச் சொல்லவில்லை. இருப்பதாக எனக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத் தெரிந்த வரையில் இருப்பது அசதிதான். உறுப்பினர்கள் வேறு தொழில் செய்துகொண்டே கூட்டத்துக்கு வருகிறவர்கள். தடித்த நிரல் கைக்கு வரும்போது முதல் பத்துப் பக்கங்களோடு கண் களைத்துவிடும். பார்ப்பதற்கு யாராவது இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்களும் கடைசிப் பக்கம் வரை போவார்கள்; குறிப்பு எழுதும் அலுவலரும் ‘திருப்திகரம்’ என்பதோடு நிறுத்தாமல், போய்ப் பார்த்த தேதியையும் எழுதுவார்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. கூட்டம் முடிந்த பின் வரும் செய்தியோடு, கூட்டத்துக்கு முன்பே நிரலின் கடைசிப் பக்கங்களையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுங்கள். எந்தத் தெரு, என்ன வேலை, எவ்வளவு தொகை என்ற மூன்று விவரங்கள் போதும். வைப்புத்தொகையானால், குழி மூடிய தேதியும் ஆய்வு செய்த தேதியும் சேரட்டும். ஆய்வு செய்த தேதி அலுவலகத்தில் கிடைக்கவில்லையென்றால், கிடைக்கவில்லை என்றே அச்சிடுங்கள். தம் தெருவின் பெயரைப் பார்த்த வாசகர் ஒருவராவது வெளியே வந்து குழியைப் பார்ப்பார். பார்த்ததைத் தன் உறுப்பினரிடம் போய்ச் சொல்வார். உறுப்பினர் அந்த ஒரு பொருளைத் தனியே எடுக்கச் சொல்வதற்கு அது போதும்.

அடுத்த கூட்டத்தின் நிரல் இன்று காலை ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் 9-ஆம் பொருள், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வெட்டி மூடிய ஒரு குழிக்கான வைப்புத்தொகையைத் திருப்பி வழங்குவது. சாலை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, 3 மீட்டர் நீளமுள்ள நேரான மட்டப்பலகையைப் படுக்கவைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று அளப்பது எங்கள் பழைய வழக்கம். அதில் சில மில்லிமீட்டர் தெரிந்தாலே ஒப்பந்ததாரரிடம் திருத்தச் சொல்வோம். நிரலைப் படித்துவிட்டு, வீட்டிலிருந்த பலகையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழியின் குறுக்கே வைத்துப் பார்த்தேன். நடுவில் என் நான்கு விரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்தன. கூட்டம் மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் தங்கள் செய்தியாளர் வருவதானால், அவர் சொல்லும் நேரத்தில் பலகையோடு அங்கே நிற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற பணி மேற்பார்வையாளர்